கேள்விக்கு முன் நீண்ட கை

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்லாந்துத் தீவின் தென்கரைக்கு அப்பால், மூடுபனி கவிந்த அத்திலாந்திக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றிலே நெருக்குண்டு கிடந்தோர் ஈழத்தமிழர் 155 பேர். மீன்பிடிப் படகொன்றின் தலைவரான கஸ் டால்ரன் அவர்களைக் கண்டார். தமது படகில் இயன்றவரை ஏற்றிக்கொண்டு, ஏனைய படகுகளையும் உதவிக்கு அழைத்தார். அனைவரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

இந்நிகழ்வு எம்மவரிடையே பலமுறை பேசப்பட்டதே. எனினும் அதன் பிற்பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலிற் கூறிய அம்மக்கள், உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்ட கப்பலொன்றிலே வந்தவர்கள் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. கனடாவில் பெரும் சர்ச்சை மூண்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்றும், திருப்பி அனுப்பவேண்டும் என்றும் குரல்கள் எழுந்தன. அன்றைய பிரதமர் பிரையன் மல்றோனியின் அரசு அதற்கு இணங்காது, அவர்கள் தங்கவும் தொழில் செய்யவும் அனுமதி வழங்கியது. எந்தத் துறைமுகம், என்ன பத்திரம், எவருக்கு எவ்வளவு பணம் என்ற விசாரணைகள் யாவும் கரையிலே நடந்தவை. கடலிலே கண்டவர் முதலிற் கைகொடுத்தார். எது முதல், எது பின் என்ற அந்த ஒழுங்கையே இன்று நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

அதே தீவுக்கு அதனினும் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. 1942 பெப்ரவரி 18ஆம் திகதி, அமெரிக்கக் கடற்படையின் ட்றக்ஸ்ரன், பொலக்ஸ் என்னும் இரு கப்பல்கள் கடும்புயலிற் சிக்கி, சென் லோறன்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரை அண்டிய கரையிலே பாறைகளில் மோதி உடைந்தன. 203 பேர் மாண்டனர். 186 பேர் உயிர் தப்பினர். பனி உறைந்த செங்குத்துப் பாறைகளின்மீது அவர்களைக் கயிறு கட்டி இழுத்தெடுத்தவர்கள் அவ்வட்டாரத்து ஊரவர்களே.

தப்பியவர்களுள் லானியர் பிலிப்ஸ் என்ற கறுப்பின இளைஞரும் ஒருவர். ஜோர்ஜியா மாநிலத்திலே, அடிமைகளாயிருந்தோரின் வழியிற் பிறந்தவர். கறுப்பினத்தவர்க்குப் பரிமாறும் வேலையையன்றி வேறெதையும் தர மறுத்த கடற்படையிலே பணியாற்றியவர். ஊர்ப் பெண்கள், எண்ணெய் படிந்த அவரது உடலை ஏனையோரின் உடலைப் போலவே கழுவினர். கறுப்பினத்தவரை முன்னர் கண்டிராத அவர்கள், தோலின் நிறத்தையும் எண்ணெய்க் கறையென எண்ணித் தேய்த்தனர். உண்மை தெரிந்த பின்னரும் அவர்களின் நடத்தையில் மாற்றம் இருக்கவில்லை. ஒரு பெண்மணி அவரைத் தமது வீட்டிற்கே அழைத்துச் சென்று உணவளித்துப் பராமரித்தார். வெள்ளையர் தம்மை மனிதராக மதித்ததை முதன்முதலாக அங்குதான் கண்டதாகப் பிலிப்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். பிற்காலத்தில் அவர் நிறத்தடையை எதிர்த்து நின்று, அமெரிக்கக் கடற்படையின் முதலாவது கறுப்பின சோனார் தொழில்நுட்பவியலாளரானார். 1965இல் மாட்டின் லூதர் கிங்குடன் செல்மா பேரணியில் நடந்தார். சென் லோறன்ஸ் சிறுவர்களுக்கு விளையாட்டுத் திடல் அமைய நிதியும் வழங்கினார். 2012இல் மறைந்தார்.

அந்தப் பெண்கள் செய்தது யாது? வெந்நீர் வைத்தார்கள், கழுவினார்கள், உணவளித்தார்கள். இன ஒதுக்கலை ஒழிக்கும் நோக்கம் எதுவும் அவர்களிடம் இருந்திருக்க முடியாது. ஆயினும் அந்த வெந்நீரின் வெம்மை 23 ஆண்டுகள் கழித்து, அவர்கள் பெயரும் அறிந்திராத ஒரு நகரத்தின் வீதி வரை சென்றது. நல்லது செய்தவருக்கே அதைத் திருப்பிச் செய்ய வாய்ப்பது அரிது. அடுத்து வருபவருக்குச் செய்வதே பெரும்பாலும் கைம்மாறாகிறது.

இதனை எமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 ஆடிக் கலவரத்தின்போது தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்த சிங்கள அயலவர்கள் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, தென்மராட்சி வீடுகளின் கதவுகள் திறந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பல குடும்பங்கள் தங்கின. ஒரு கிணறு பல குடும்பங்களுக்கு நீர் தந்தது. அங்கு வளர்ந்த பிள்ளைகள், தம் தாய்மார் முன்பின் அறியாதவர்க்கு உலையில் இன்னொரு சுண்டு அரிசி கூட்டிப் போட்டதைப் பார்த்தே வளர்ந்தார்கள். நற்பண்பு குடும்பத்திற் பரவும் வழி அதுவே. புத்திமதியினால் அது பரவுவது குறைவு.

ஆனால் இன்று, புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்துசேர்ந்த இளைஞர்களைப் பற்றி எமது வீட்டு மேசைகளிலே நடக்கும் பேச்சை எண்ணிப் பார்ப்போம். "நாங்கள் போருக்குத் தப்பி வந்தோம், இவர்கள் காசுக்கு வந்தவர்கள்" என்கிறோம். எந்த முகவர், எவ்வளவு கொடுத்தாய், உன் வழக்கு உண்மையா என்று கேட்ட பின்னரே தேநீர் கொடுக்கிறோம். சிலர் தேநீரும் கொடுப்பதில்லை. பத்திரம் இல்லாதவர் முறையிடமாட்டார் என்ற துணிவில் அரைக் கூலிக்கு வேலை வாங்குவோரும் எம்மிடையே உள்ளனர். 1986இல் எமக்கெதிராக எழுந்த அதே சொற்கள் இன்று எமது வாயிலிருந்தே வருவது வேதனைக்குரியது.

பொய் வழக்குகளும் உண்டு என்று வாதிடுவோர் இருப்பர். இருக்கலாம். அதை ஆராய்ந்து தீர்ப்பளிக்க அதிகாரிகளும் நீதிமன்றங்களும் உள்ளன. அயலவர் அந்த ஆசனத்தில் அமரவேண்டியதில்லை. அயலவருக்குரிய கடமை வேறு, அது மிகச் சிறியதுமாகும். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்து, பதிலளிக்கவேண்டிய கடைசித் திகதியைச் சொல்லிக் கொடுப்பது. நல்ல சட்டத்தரணியிடம் அழைத்துச் செல்வது. வைத்தியசாலையில் ஒருமணிநேரம் மொழிபெயர்த்து உதவுவது. பிள்ளைக்கு அளவில்லாமற்போன குளிரங்கியை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது. இவற்றால் எவரும் ஏழையாவதில்லை. ஆனால் தவறவிட்ட ஒரு திகதியால் ஒரு வழக்கே தோற்றுப்போகலாம். மொழி புரியாத ஒரு நோயாளி தவறான மருந்தோடு வீடு திரும்பலாம். வந்திறங்கிய முதல் மாதங்களில் இவ்வுதவிகளின் பெறுமதி என்னவென்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

இன்று தஞ்சம் கோரி நிற்போருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உதவிய எல்லோருக்கும் அதைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று மனம் கலங்கவேண்டாம். நாளை உங்களுக்குப் பின்னால் வருபவரின் கடிதத்தை நீங்கள் வாசித்துக் கொடுங்கள், கணக்குத் தீரும்.

பனிக்காலம் வருமுன் ஒவ்வொரு குடும்பமும் புதிதாக வந்த ஒருவரையேனும் தம் வீட்டு மேசைக்கு அழைக்கட்டும். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். பரிமாறும் கையை அவர்கள் பார்க்கவேண்டும். விசாரணையை அன்று மட்டுமாவது ஒத்திவைப்போம்.