பெரிய பைனாகுலர் வாங்கப் போகும் நண்பருக்கு

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். பேரன் 25×100 பைனாகுலர் ஒன்றைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறான். "வாங்குனா பெருசா வாங்கிரணும்லா அண்ணாச்சி? பொதிகைல மேயுத மிளாவக்கூட மாடில இருந்தே பாக்கலாம்னு சொல்லுதான்" என்றார். வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். காரணத்தை நின்றபடி விளக்க முழங்கால் இடம் தரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மிளாக் கணக்கு. திருநெல்வேலியிலிருந்து அகத்தியர் மலை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். 25 மடங்கு பெருக்கினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது போல. இரண்டு கிலோமீட்டரில் காட்டுக்குள் நிற்கும் மிளாவை யாருக்கையா தெரியும்? போதாததற்கு நடுவில் இருக்கும் ஐம்பது கிலோமீட்டர் காற்றின் தூசியும் வெக்கையும் அதே 25 மடங்கு பெருகும். பத்து மணிக்கு மேல் மலை கொதிக்கிற பால் போல அசையும். மழை விட்ட மறுநாள் விடியலில்தான் மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரியும். அதற்குச் சின்ன பைனாகுலரே போதும்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஏழெட்டு வருடம் முன்பு நிலுவைத் தொகை கைக்கு வந்த சூட்டில் 20×80 ஒன்று வாங்கினேன். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. கையில் தூக்கினால் ஒரு நிமிடத்தில் தோள் கெஞ்சும். இருபது மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் இருபது மடங்கு. என் மனைவி ஆசையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, எல்லாம் ஆடுதே, ஒண்ணும் நிக்கலையே" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஸ்டாண்டு வாங்கினேன். தலைக்கு மேலே பார்க்க வேண்டுமானால் ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து கழுத்தை ஒடிக்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவனுக்கு இது தண்டனை. பீரோ மேல் ஏறிய பைனாகுலர் ஒருநாள் கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் அன்று முதல் அகத்தியர் இரண்டாகத் தெரிந்தார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் பைனாகுலரை 'ஜுமெல்' என்பார்கள். இரட்டைப் பெண் குழந்தைகளுக்கும் அதே சொல்தான். இரண்டு குழலும் இம்மி பிசகாமல் ஒரே திசையில் பார்க்க வேண்டும், பிசகினால் தலைவலி. பெரிதாகவும் மலிவாகவும் இருப்பவற்றில் இந்தப் பிசகு சுலபமாக வரும், சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

இனி நம் கண். இருபது வயதில் இருட்டில் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அறுபதைத் தாண்டினால் ஐந்து, சிலருக்கு அதற்கும் குறைவு. பைனாகுலரில் இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50 என்றால் ஏழு. அதில் பாதி வெளிச்சம் நம் கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். 10×50 என்றால் ஐந்து, நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. எடையும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள். கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும்: கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுக் காட்சி தெரியும் என்று. பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெறும் தூரப்பார்வைக் குறை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகியே சரிசெய்துகொள்ளலாம்.

பெரிதில் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. 15×70, 20×80 எல்லாம் நல்ல உறுதியான ஸ்டாண்டில் நின்றால் மங்கலான நட்சத்திரக் கூட்டங்கள் அற்புதமாகத் தெரியும். ஆனால் பைனாகுலரின் விலை அளவுக்கு ஸ்டாண்டுக்கும் எடுத்து வைக்க வேண்டும், தூக்கிக்கொண்டு மாடி ஏறவும் வேண்டும். 25×100 நாலு கிலோவைத் தாண்டும். நம்மில் யார் ஏறுவது?

நான் இப்போது செய்வது இதுதான். மொட்டைமாடியில் ஈஸிசேர், கைப்பிடியில் முழங்கை, கையில் 10×50. ரோகிணியைச் சுற்றியுள்ள கூட்டம் முழுதும் ஒரே பார்வையில் அடங்கும்; 20×80-இல் அடங்காது. கார்த்திகை, மிருகசீரிடத்தின் கீழே இருக்கும் பனிப்படலம், வியாழனின் நிலவுகள் எல்லாம் கிடைக்கும். சனியின் வளையம் தெரியாது, அதற்குத் தொலைநோக்கிதான் வேண்டும். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே அகத்திய நட்சத்திரம். பாரிஸில் அது ஒருநாளும் உதிக்காது, பள்ளியில் நாங்கள் படித்த வான்படத்தில் அகத்தியர் இல்லவே இல்லை. தெரு விளக்குகள் கண்ணைக் குத்தினால் மணிமுத்தாறு பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு எச்சரிக்கை: பொதிகைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் அழகைப் பைனாகுலரில் பார்க்க நினைக்காதீர்கள். கண் போய்விடும்.

லெ ழாந்தி என்ற பிரெஞ்சுக்காரர் 1761-இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயரிடம் போய்விட்டது. எட்டு வருடம் காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அன்று காலை மேகம். அவர் காத்திருந்தார் சரி, நம்மால் முடியுமா? என் 20×80 பீரோ மேல் கிடந்த நாலு வருடத்தில் மனைவிக்குக் கண்புரை வந்துவிட்டது. அறுவை முடிந்து போன வருடம்தான் மாடிக்கு வந்து கார்த்திகையைப் பார்த்தாள். "இத்தனையா?" என்று கேட்டாள். அந்த நாலு வருடத்தை எந்தக் கடையில் திருப்பி வாங்குவேன்?

நண்பரே, பணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் பொறுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். பீரோவிலிருந்து பெரியதையும் இறக்கி வைக்கிறேன், நீங்களே தூக்கிப் பாருங்கள். ஈஸிசேர் இரண்டு இருக்கிறது, வானம் மட்டும் மூடாமல் இருக்க வேண்டும்.