நாளுக்கு இரண்டு தடவை என்று யார் விதித்தது?

மட்டக்களப்பின் படுவான்கரையில், பழுகாமத்தில் சில வாரங்களாக ஒரு துண்டுப்பிரசுரம் வீடு வீடாகக் கைமாறுகிறது. அடியில் எழுதியவர் பெயர் இல்லை. அது சொல்வது இவ்வளவுதான்: நலமான குடலுக்கு அடையாளம் நாளுக்கு இரண்டு தடவை வெளிக்குப் போவது, வயிறு இரையக் கூடாது, ஊதக் கூடாது, காற்றுப் பிரியக் கூடாது, இதில் ஒன்று பிசகினாலும் குடல் பழுது. அதைத் தீர்க்கப் பருப்பு, வெங்காயம், உள்ளி, தயிர், பலாப்பழம் எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட வேண்டும். நாலு மாதத்துக்கு ஒருக்கால் பேதி குடிக்க வேண்டும். இத்தனைக்கும் ‘சித்தர் வாக்கு’ என்று ஒரு முத்திரை.

அத்திவாரமே பிழையான இந்தக் கடதாசி, படுவான்கரைச் சனங்களின் சோற்றுக் கோப்பையில் கை வைத்துவிட்டது. இனியும் பேசாமல் இருக்க முடியாது.

முதலில் அந்த இரண்டு. 1965இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரித்தானியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டுப் பதிந்தார்கள். அவர்களில் 99 சதவீதத்தினர் வாரத்துக்கு மூன்று தடவைக்கும் நாளுக்கு மூன்று தடவைக்கும் இடையில் இருந்தார்கள். வைத்தியர்கள் இன்றும் கைக்கொள்ளும் வீச்சு இதுதான். கிழக்குப் பிரிஸ்டலில் வைத்தியர் ஹீற்றனும் அவரது குழுவினரும் ஊர்ச்சனங்களிடையே நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வில், நாள் தவறாமல் ஒரு தடவை என்ற ஒழுங்கு ஆண்களில் 40 சதவீதத்தினருக்கும் பெண்களில் 33 சதவீதத்தினருக்கும் மட்டுமே இருந்தது. ‘பாண் தின்கிறவன் கணக்கு நமக்கெதற்கு?’ என்று பிரசுரகாரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சோறும் மரக்கறியும் உண்ணும் தெற்காசியர்களில் பெரும்பாலானோர் நாளாந்தம் போகிறவர்கள். ஆகவே தினமும் போய்வந்த ஒருவருக்கு அது திடீரென வாரத்துக்கு மூன்றாகக் குறைந்தால் கவனிக்கத்தான் வேண்டும். அவரவர் வழமையிலிருந்து ஏற்படும் மாற்றமே இங்கே அளவுகோல். தினமும் ஒரு தடவை சிரமமில்லாமல் போய்வருகிறவரைப் பிடித்து, ‘உனக்கு இன்னொன்று குறைகிறது, நீ நோயாளி’ என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

எத்தனை தடவை என்பதைவிட எப்படிப் போகிறது என்பது அதிகம் சொல்லும். 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை போல இறுகியது முதல் வகை. வெறும் தண்ணீராகப் போவது ஏழாவது. மூன்றும் நான்கும், அதாவது முக்காமல் வெளியேறும் நீளமான கட்டி, நல்ல நடுநிலை. இந்தச் சாதாரண விளக்கத்துக்குப் பிரசுரத்தில் ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது காற்று. பருப்பிலும் வெங்காயத்திலும் சிறுகுடலால் உடைக்க முடியாத சில மாச்சத்துகள் உண்டு. அவை பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. அப்போது காற்று உண்டாகிறது. கூடவே உண்டாகும் கொழுப்பமிலங்கள்தான் பெருங்குடல் சுவருக்கு உணவு. 1991இல் வெளியான ஷெபீல்ட் ஆய்வொன்றில் நலமான பத்துப் பேருக்கு அன்றாடச் சாப்பாட்டோடு 200 கிராம் அவரை கொடுத்து, ஒரு நாளில் பிரிந்த காற்றை அளந்தார்கள். 476 மில்லிலீற்றரிலிருந்து 1,491 மில்லிலீற்றர் வரை வந்தது. அத்தனை பேரும் சுகதேகிகள். காற்றே பிரியாத குடல்தான் நலமான குடல் என்பது உடலைப் பற்றி எதுவும் அறியாதவர் கட்டிய கதை.

சித்தர் வாக்குக்கு வருவோம். தேரையரின் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில் நாலு மாதத்துக்கு ஒரு பேதி இருப்பது உண்மை. அதே பாட்டில் முதிர்ந்த தயிரை உண்ணச் சொல்லியும் இருக்கிறது. பிரசுரகாரர் பேதியை எடுத்துக்கொண்டு தயிரைத் தடை செய்கிறார். தனக்கு வேண்டிய வரியைப் பிய்த்தெடுத்துவிட்டு மற்றதை மறைப்பது சித்த வைத்தியத்துக்கே செய்யும் துரோகம். நாடி பார்த்து, ஆளின் வயதும் பலமும் பார்த்துப் பேதி கொடுத்த பரிசாரிமார் இருந்த ஊர் இது. கர்ப்பிணிக்கும் கிழவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் ஒரே கடதாசியில் ஒரே பேதியை எழுதிக் கொடுக்கும் துணிச்சல் அவர்களில் எவருக்கும் இருந்ததில்லை.

பேதி செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். அது குடலைத் துப்புரவாக வெறுமையாக்கி, நீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். வெறுமையான குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த நாட்களில் வெளிக்குப் போகாது. நாளுக்கு இரண்டு என்று நம்ப வைக்கப்பட்டவர் மலம் இறுகிவிட்டதென்று பயந்து மறுபடியும் பேதி குடிப்பார். நோயில்லாத ஆளை நோயாளியாக்கி வைத்திருக்கும் வழி இது.

பழுகாமத்தில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் கோப்பையில் வெள்ளைச் சோறும் அவித்த பூசணித் துண்டுகளும் மட்டும். உள்ளி இல்லை, வெங்காயம் இல்லை, பருப்பு இல்லை. “பிள்ளைக்கு வயிறு இரையுது தம்பி, கடதாசியில போட்டிருக்கு” என்றார் தாய். பிள்ளைக்கு வலி இல்லை, கழிச்சல் இல்லை, நிறை குறையவும் இல்லை. பசித்த வயிறு இரைவது இயல்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் மீனும் கைக்கெட்டாமல் போன வீடுகளில் பருப்புக்கறிதான் பிள்ளைகளுக்குப் புரதம் தந்தது. அதையும் பறிக்கிறவரிடம் எனக்கு எந்தப் பொறுமையும் இல்லை.

உண்மையிலேயே குடல் உணர்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வேதனை சாதாரணமானதல்ல. வைத்தியர்கள் பயன்படுத்தும் 2016இன் ரோம் அளவுகோல் அவர்களைத் தெளிவாக அடையாளம் காட்டுகிறது: மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி, கூடவே அது வெளிக்குப் போவதோடு தொடர்புபட்டிருப்பது, எண்ணிக்கை மாறியிருப்பது, தன்மை மாறியிருப்பது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு. வலியே இல்லாத வெறும் பொருமல் இந்தக் கணக்கில் வராது. இவர்களுக்காகத்தான் மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழகம், எளிதில் புளிக்கும் மாச்சத்துகளைக் குறைக்கும் உணவுமுறையை உருவாக்கியது. அதன் உயிர்நாடியே திருப்பிச் சேர்ப்பதுதான். இரண்டு முதல் ஆறு வாரம் வரை விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்வதை எல்லாம் மறுபடி உண்ண வேண்டும். பிரசுரகாரர் முதல் படியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து ஆயுள் தண்டனையாக்கிவிட்டார்.

நமது குசினியிலேயே இதற்கு வழி இருக்கிறது. அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் கோதுமையைவிட இந்த வயிறுகளுக்கு இதமானவை. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவித்தால் உபத்திரவம் குறையும். உள்ளியின் தொல்லை தரும் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, உள்ளியை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசமும் இருக்கும், வயிறும் தாங்கும். தயிரும் அப்படித்தான். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள நுண்ணுயிர்களே பாற்சீனியைச் செரிக்க உதவுகின்றன என்பது 1984இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியாகிவிட்டது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு மண்சட்டித் தயிரை நஞ்சென்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வந்தது?

இந்தக் கடதாசியின் ஆகப்பெரிய குற்றம் அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத நிறைக் குறைவு, நித்திரையைக் குழப்பும் கழிச்சல், இரத்தச்சோகை, விடாத காய்ச்சல், 50 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த மாற்றம் ஆகிய எதைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. இவை இருக்கிற ஒருவர் உள்ளியை விட்டுவிட்டுப் பேதி குடித்துக் காத்திருந்தால், அதற்கிடையில் குடல் புற்றுநோய் முற்றிவிடக்கூடும்.

பிரசுரத்தை எழுதியவர் அதைத் திருப்பி வாங்க வேண்டும். தன் கூற்றில் நம்பிக்கை இருந்தால் அடுத்ததில் பெயரைப் போடட்டும். தாய்மார் பருப்புச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். அந்தப் பேதியை இன்றோடு நிறுத்துங்கள். வலி விடாமல் இருந்தால், இரத்தத்தைக் கண்டால், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய் வைத்தியரைக் காணுங்கள்.