பேசும் பெட்டியும் பேரனின் பிரேக்கும்

போன கோடையில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி இங்கே ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ரொட்டி, குளிர், என் முழங்கால், எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளையின் காரில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அதை வைத்து அவருக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்தது.

நம் புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பதால், உங்களில் பலர் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். முன் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். திடீரென்று ‘டிங்’ என்று அடித்து, “அபாயப் பகுதி” என்று ஒரு பெண் குரலில் பிரெஞ்சில் சொல்லும். உடனே ஓட்டுகிறவரின் கால் பிரேக்குக்குப் போகும்.

இதற்கு ஒரு கதை உண்டு. அங்கே சாலையோரத் தானியங்கி ரேடார் முதன்முதலில் வந்தது 2003 அக்டோபர் 27-ஆம் தேதி. இடம், பாரிசுக்குத் தெற்கே எஸ்ஸோன் மாவட்டத்தில் லா வில் து புவா என்ற ஊர். மகள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 7,000-க்கும் மேல். இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,200. எல்லாம் ரேடாரால்தான் என்று நான் சொல்லமாட்டேன். பெல்ட், ஏர்பேக், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிப்பது என்று எத்தனையோ காரணங்கள். ஆனாலும் ரேடாருக்கும் அதில் பங்கு உண்டு.

ரேடார் வந்ததும் அதைக் காட்டிக்கொடுக்கும் கருவிகளுக்குக் கிராக்கி கூடியது. இவை இரண்டு வகை. ஒன்று, ரேடார் விடும் அலையையே மோப்பம் பிடிப்பது. பிரான்சில் அதைக் காரில் வைத்திருந்தாலே குற்றம், அணைத்து வைத்திருந்தாலும் சரி: 1,500 யூரோ வரை அபராதம், பெர்மியில் 6 புள்ளி போகும், கருவியும் பறிமுதல். இன்னொன்று, மற்ற ஓட்டுநர்கள் தரும் தகவலையும் வரைபடத்தையும் வைத்து முன்கூட்டியே சொல்வது. 2011 மே மாதத்தில் அரசாங்கம் இரண்டாவதையும் தடுக்கப் பார்த்தது. ஆளும் கட்சி எம்.பி.க்களே எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். கடைசியில் ஜூலையில் கம்பெனிக்காரர்களோடு ஒப்பந்தம் ஆயிற்று. இனிமேல் பெட்டி ‘ரேடார் இருக்கிறது’ என்று சொல்லக்கூடாது, ‘அபாயப் பகுதி’ என்று சொல்லலாம். நெடுஞ்சாலையில் அந்தப் பகுதியின் நீளம் 4 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 2, ஊருக்குள் 300 மீட்டர். பெட்டியின் பெயரும் மாறியது: ‘ஓட்டுநருக்கு உதவும் சாதனம்’.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருஷம் கோப்புத் தள்ளியவனுக்கு இது புதிதா? ஒரு தாள் மேலே போக மறுத்தால், பொருள் என்ற இடத்தில் வேறு வார்த்தை போட்டு அதே தாளை அனுப்புவோம். கையெழுத்தாகி வந்துவிடும்.

ஆனால் யோசித்துப் பார்த்ததில் அந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. ரேடார் எந்த இடம் என்று தெரிந்தால் அங்கே மட்டும் மிதித்துவிட்டுப் பறக்கலாம். நாலு கிலோமீட்டரில் எங்கே என்று தெரியாவிட்டால், 130 வேகத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓட்டியாகவேண்டும். அதில் ரேடாரே இல்லாமலும் இருக்கலாம்.

அமெரிக்காவில் வேறு வழி பார்த்தார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் மோப்பக் கருவி வைத்துக்கொள்ளலாம், வர்ஜீனியா போல ஓரிரண்டு இடம் தவிர. 1990-களில் அந்தக் கருவியையே நல்லதுக்குப் பயன்படுத்தலாம் என்று, ஆம்புலன்சிலும் சாலை வேலை நடக்கும் இடத்திலும் எச்சரிக்கை அலை அனுப்பும் பெட்டிகளை வைக்கத் திட்டம் போட்டார்கள். அப்படி அனுப்பும் பெட்டிகள் பரவலாக வைக்கப்படவே இல்லை. கேட்கும் காது இருந்தது, பேசும் வாய் இல்லை. இதற்கு நடுவில் கடைகளின் தானியங்கிக் கதவுகளும் அதே அலையை விடுவதால், கடையைத் தாண்டும்போதெல்லாம் கருவி கத்துமாம்.

அதுதான் என் பயமும். எங்கள் ஆபீசில் ‘உடனடி’ என்று ஒரு சிவப்புச் சீட்டு உண்டு. ஆரம்பத்தில் அதைப் பார்த்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவோம். பிறகு எல்லாப் பிரிவுக்காரர்களும் எல்லாக் கோப்பிலும் ஒட்ட ஆரம்பித்தார்கள். மாதம் இரண்டு ஆவதற்குள் சிவப்புச் சீட்டோடு கோப்புகள் தூசி படிந்து கிடந்தன.

சரி, வழக்குக்கு வருகிறேன். பேரனுக்குப் பதினாறு வயது. அங்கே பதினைந்திலேயே அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார ஓட்டிப் பழகலாம். 3,000 கிலோமீட்டர் ஓட்டியாகவேண்டும். 2024 முதல் பதினேழிலேயே பெர்மி தருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷார்த்ரு மாதா கோவிலைப் பார்க்கப் போனோம். போகும்போது மாப்பிள்ளை ஓட்டினார். நெடுஞ்சாலையில் நல்ல மழை. பெட்டி, “முன்னால் விபத்து” என்றது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் வேகத்தைக் குறைத்தார். வளைவு திரும்பியதும் இரண்டு கார் குறுக்கே நின்றன, ஒருவர் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கை ஆட்டிக்கொண்டிருந்தார். 130 வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 36 மீட்டர். நான் பின்சீட்டில் ஜெபமாலையைத் தேடினேன். அந்தப் பெட்டிக்கு நான் நன்றி சொல்லவேண்டியவன், மறைக்கமாட்டேன்.

திரும்பும்போது பேரன் ஓட்டினான். கோதுமை வயல்களுக்கு நடுவே சின்னச் சாலை. பெட்டி டிங் என்றால் மெதுவாகப் போனான், அபாயப் பகுதி முடிந்தது என்றால் மறுபடி மிதித்தான். ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். பெட்டி பேசவில்லை. அவனும் குறைக்கவில்லை. என் வயசுக்காரர் ஒருவர், கக்கத்தில் ரொட்டியோடு, வெள்ளைக் கோட்டில் கால் வைத்தார். மாப்பிள்ளை “ஃப்ரேன்!” என்று கத்தினார். வண்டி நின்றபோது அந்தப் பெரியவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவர் ரொட்டியை உயர்த்தி என்னவோ திட்டினார். நியாயம்தான்.

பேரன் கைநடுக்கத்தோடு சொன்ன முதல் வார்த்தை: “தாத்தா, அது ஒன்றும் சொல்லவில்லையே!”

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நான் சொன்னேன்: “மாப்பிள்ளை, உங்களுக்கு இருபது வருஷ அனுபவம். உங்களுக்கு அது கூடுதல் கண். பிள்ளைக்கு அதுதான் முதல் கண் ஆகிவிட்டது. பெர்மி வாங்கும்வரை அவன் ஓட்டும்போது அணைத்துவிடுங்கள்.” மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, காலையில் மழையில் அது இல்லாவிட்டால் நாம் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கமாட்டோம். அவன் ஓட்டும்போது மட்டும் ஆபத்து வராதா?” என்றார். மகள், “அப்பா சொல்வதிலும் அர்த்தம் இருக்கு,” என்று சொல்லி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். எனக்கா, அவருக்கா என்பது முக்கியமில்லை.

அவர் கேட்டதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. விபத்து, நின்றுபோன வண்டி, சாலை வேலை, இவற்றை மட்டும் சொல்லி, ரேடார் விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளும்படி அமைத்தால் பையனுக்கும் அது உதவும் என்றுதான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட பெட்டியை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது வேறு கேள்வி. அபராதத்துக்குப் பயந்து வாங்கும் பொருளோடுதான் உயிர் காக்கும் செய்தியும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

போன வாரம் பேரன் பேசினான். 1,900 கிலோமீட்டர் முடித்துவிட்டானாம். பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவன் ஓட்டும்போது கையுறைப் பெட்டிக்குள் போய்விடுகிறதாம். அப்பா ஓட்டும்போது மறுபடி கண்ணாடிக்குக் கீழே வந்துவிடுகிறதாம்.