தூரத்து வேலைக்கும் குடவோலைத் தகுதியா?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பாடப்புத்தகம் பெருமையாகப் பேசும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் பேசினார். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. குடத்தில் ஓலை போட்டு உறுப்பினரை எடுத்தார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. வயலில் இறங்கி உழைத்தவர் பெயர் ஓலையில் ஏற வழியே இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய கதை இப்போது எதற்கு? நான் அதே சாலையில், காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டெண்ட் வேலை பார்க்கிறேன். முகம் பார்க்காத முதலாளிகளுக்கு மின்னஞ்சல் பார்ப்பது, கூட்டங்களுக்கு நேரம் குறிப்பது, பில் போடுவது, கணக்கு எழுதுவது. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிறார்கள்: தனி அறை இருக்கிறதா? வீட்டில் சத்தம் வருமா? வீடியோவில் பின்னால் என்ன தெரியும்? ஆங்கிலம் சரளமாக வருமா? இதில் எங்கேயும் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் காலனிப் பெண்ணும், மாடியில் தனி அறை உள்ள ஊர்த்தெருப் பெண்ணும் இந்தக் கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்ல முடியாது. சொந்த மனை, சொந்த வீடு என்ற பழைய தகுதி வேறு பெயரில் திரும்பி வருகிறது.

கிராமத்திலிருந்து தூரத்து வேலை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை ஐஐடியின் துணையோடு 2007-ல் தொடங்கிய தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் சிற்றூர்களில் மையம் வைத்து அங்கேயே ஆள் எடுத்தன. மையம் என்றால் மேசையும் மின்சாரமும் நிறுவனத்தின் பொறுப்பு. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் உட்காரும் நாற்காலி ஒன்றுதான். இப்போது அலுவலகமே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் வீட்டைப் பார்த்து ஆளை அளப்பது சுலபமாகிவிட்டது.

ஒரு முதலாளி முதல் அழைப்பில் என் முழுப் பெயரைக் கேட்டார். பிறகு, "ஓரிக்கையில எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். அடுத்த வாரம் கணக்கு வேலை என்னிடமிருந்து போய்விட்டது, தட்டச்சு வேலை மட்டும் மிஞ்சியது. காரணம் கேட்டதற்கு, "நம்பிக்கை வரணும்ல" என்றார். அதுவரை நான் எழுதிய கணக்கில் ஒரு பிழையும் அவர் காட்டவில்லை.

தூரத்தில் இருப்பவரை நம்புவது எப்படி என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நம்பிக்கையை வேலையிலிருந்துதான் உண்டாக்க முடியும். இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் சிறு நிறுவனம் நடத்துகிறீர்கள், உதவிக்கு ஆள் வைக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன். எடுப்பதற்கு முன் ஒரு சிறு வேலையைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கேமராவை அணைத்துப் பேச விடுங்கள். வேலையை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்: என்ன வேண்டும், எப்போது வேண்டும், சரியாக முடிந்த ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தேவையான அளவு மட்டும் திறக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். பிறகு யார் மீதும் வீண் சந்தேகம் வராது. வாரம் ஒருமுறை பேசுங்கள். பிழை இருந்தால் எந்த வரியில் என்று காட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள், ஆள் உட்கார்ந்திருந்தாரா என்று காட்டும். வேலை சரியா என்று காட்டாது.

நேரம் இன்னொன்று. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1946-ல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஆலைச் சங்கு இல்லை. இரவு 11 மணிக்கும் செய்தி வருகிறது. பதில் போடாவிட்டால் பொறுப்பில்லாதவர் என்று பெயர். அதனால் வேலை நேரத்தையும் சம்பளத் தேதியையும் முதல் நாளே எழுத்தில் போட்டுவிட வேண்டும்.

கணினித் துறை சாதியைக் கடந்தது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2020 ஜூனில், தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கியதாக சிஸ்கோ மீது கலிஃபோர்னியா அரசு நிறுவனமே வழக்குப் போட்டது. சிஸ்கோ அதை மறுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. கடல் தாண்டியும் சாதி போகிறது என்றால், ஒரு வீடியோ அழைப்பைத் தாண்ட அதற்கு என்ன கஷ்டம்?

வேலை பார்க்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இல்லை. "வேலைக்கு அது எதுக்குத் தேவை?" என்று திருப்பிக் கேட்கலாம். செய்து முடித்த வேலையையும் வந்த செய்திகளையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். ஆனால் ஒருவர் தனியாகக் கேட்டால் வேலை போகும், பலர் சேர்ந்து கேட்டால் விதி மாறும். அதற்கு அரசுக்கும் பங்கு உண்டு. ஊர் நூலகத்தில் இணையத்தோடு நான்கு மேசை போட்டு, காலனிப் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை பார்க்க வழிசெய்தால், தனி அறை என்ற தகுதி அன்றோடு செல்லாததாகிவிடும். ஊராட்சிகளின் கிராம சபைகளில் இந்தக் கோரிக்கையை எழுப்புவோம். இந்தச் சபையில் பேச நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம்.