படுக்கையில் விழுந்தால் பாலிசி பணம் தருமா?



ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மில் பலர் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருக்கிறோம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டதால் புதிதாக எடுக்க நினைப்போரும் உண்டு. நல்லதுதான். ஆனால், "வயதான காலத்தில் எல்லாவற்றையும் பாலிசி பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

வைத்தியம் வேறு, பணிவிடை வேறு. பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்ப்பது வைத்தியம். வீடு திரும்பியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டிக் கவனிப்பது பணிவிடை. முன்னது நாள் கணக்கு. பின்னது ஆண்டுக் கணக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்துக் கொடுத்த பொது விலக்குகளில் ஐந்தாவதைப் படித்துப் பாருங்கள். குளிக்க, உடுத்த, நடமாட உதவும் பராமரிப்புச் செலவு வீட்டில் ஆனாலும், பராமரிப்பு இல்லத்தில் ஆனாலும், நர்ஸ் செய்தாலும், சாதாரண ஆள் செய்தாலும் கிடையாது என்பதே அதன் சாரம். பெரும்பாலான பாலிசிகளில் இந்த வாசகம் இருக்கிறது. சரக்குக்கு பில் பார்க்கும் நாம் பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

நம் பகுதியில் இது இன்னும் கடினம். முன்பு வீட்டில் ஒருவர் படுத்தால் உறவுக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். இன்று அவர்களில் பலர் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதி மட்டும் 18,720 பேர் தங்கக்கூடியது. இதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்தச் சம்பளம்தான் நம் கல்லாவில் விழுகிறது. ஆனால் பணிவிடைக்கு ஆள் வேண்டுமென்றால் இனி ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆள் சம்பளம் மாதம் ரூ.20,000 என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்கு ரூ.7,20,000 ஆகிறது. மருந்து தனி. இது எங்கிருந்து வரும்? கொள்முதல் பணத்திலிருந்துதான். மொத்த வியாபாரிக்குப் பாக்கி நிற்கும்; சரக்கு குறையும்; வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். படுத்தவர் ஒருவர்; படுப்பது கடையும் சேர்த்து.

இதற்கென்றே சில நாடுகளில் தனிக் காப்பீடு உண்டு. ஜெர்மனி 1995-லும், ஜப்பான் 2000-லும் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கின. சிங்கப்பூரில் 2020-ல் வந்த 'கேர்ஷீல்டு லைஃப்', அன்றாடக் காரியங்கள் ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாதவருக்கு மாதாமாதம் பணம் தருகிறது. தனியார் கையில் விட்ட அமெரிக்காவில் பிரீமியம் ஏறிக்கொண்டே போனது; 'பென் டிரீட்டி' என்ற கம்பெனி 2017-ல் கோர்ட் உத்தரவுப்படி கலைக்கப்பட்டது. நம் நாட்டில் ஜப்பானைப் போல் அனைவருக்குமான ஏற்பாடு இல்லை.

எனவே நீண்டகாலப் பராமரிப்பு என்று பெயர் சொல்லி ஒரு ஏஜெண்டு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேராமலே பணம் வருமா? வீட்டு ஆள் சம்பளத்துக்குத் தருமா? எத்தனை ஆண்டு தரும்? பிரீமியம் உயர்ந்தால் எது வரை உயரும்? பதில் எழுத்தில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவப் பாலிசி அவசியம் இருக்கட்டும். பக்கவாதம் போன்றவற்றுக்கு மொத்தத் தொகை தரும் தீவிர நோய்ப் பாலிசியை இள வயதிலேயே பாருங்கள். அந்தப் பணத்தை எதற்கும் செலவிடலாம். ஆனால் வெறும் முதுமைத் தளர்ச்சிக்கு அது உதவாது. அதற்குக் கடைக் கணக்கில் கலக்காத தனி வைப்பு நிதி ஒன்றே வழி. பண்டிகைக்காலச் சரக்குக்குக்கூட அதைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்குக் கடையை எழுதிக் கொடுப்பவர்கள், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். மீறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

சங்கங்கள் உறுப்பினர்களுக்காகக் குழுக் காப்பீடு பேசும்போது ஆஸ்பத்திரித் தொகையை மட்டும் பேசி எழுந்துவிடுகின்றன. வீட்டுப் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு என்பதையும் பேச வேண்டும். தனியொரு கடைக்காரர் கேட்டால் கிடைக்காத சலுகை, நூறு கடைக்காரர் சேர்ந்து கேட்டால் கிடைக்கலாம். சங்கம் என்பது அதற்காகத்தானே!