கச்சேரியில் அரைமணி நேரம் கேட்கிறோம்

பொங்கல் விழா என்றால் மெல்லிசைக் கச்சேரி; கச்சேரி என்றால் சினிமாப் பாட்டு. மும்பையில் நம் சங்கங்களின் வழக்கம் இது. சினிமாப் பாட்டின்மீது நமக்குக் கோபம் இல்லை. ஆனால் மேடையும் ஒலிபெருக்கியும் இத்தனை மக்களும் கூடியிருக்க, நம் குடியிருப்புப் பிரச்சினைக்கு அங்கே ஐந்து நிமிடங்கூட இல்லையே, இது நியாயமா?

இதற்கு வழிகாட்டி நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். அண்ணாபாவ் சாத்தே, 1920-இல் சாங்லி மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததோடு சரி. பிழைக்க வந்து பம்பாய் மில்லில் உழைத்தார். தாராவியை ஒட்டிய மாதுங்கா லேபர் கேம்பில் அவர் எதைப் பாடினார் தெரியுமா? கொசுவை! கேம்பு மக்களின் தூக்கத்தைப் பறித்த கொசுவை.

1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்', அதாவது செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தின்போது, ஊரில் மனைவியை விட்டுவந்த தொழிலாளியின் ஏக்கமாக அவர் கட்டிய பாட்டு, அரசியல் கோரிக்கையை அடுப்படிவரை கொண்டுபோயிற்று. 1960 மே 1-இல் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. பாட்டால் மட்டும் பிறந்தது என்போமா? நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். ஆனால் எதற்காக என்று பாமர மக்களுக்கு விளங்கவைத்ததில் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இன்று தாராவி மறுசீரமைப்பு நம் தலைமேல் நிற்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வெளியே, அதுவும் பணம் கட்டி. இந்த வேறுபாடு எத்தனை வீடுகளில் சரியாகத் தெரியும்? எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது, கணக்கெடுக்க வருபவரிடம் என்ன கேட்பது என்பதை நாலடிப் பாட்டாக்கினால், எழுத்தறியாத அத்தையும் மறக்கமாட்டார்.

பாடுவது யார்? நம் பிள்ளைகளே. அவர்களுடைய 'ராப்' பெரியவர்கள் காதுக்குக் கூச்சலாகப் படலாம். 2018-இல் 'காலா' படத்தில் தாராவிக் குழுவான டோபடெலிக்ஸ் பாடியபோது கைதட்டியதும் நாம்தான். பறையும் வேண்டும். அதைச் சாவுக்கென்று ஒதுக்கிய வழக்கத்தை இரயில் ஏறும்போதே விட்டுவந்திருக்க வேண்டும். இங்கும் சுமந்து வந்தது வெட்கக்கேடு.

விழாக்குழுவினர் கச்சேரியில் அரைமணி நேரம் இவர்களுக்கு ஒதுக்கட்டும். பாட்டில் மராட்டியிலும் இந்தியிலும் ஓரிரு அடி இருக்கட்டும். பக்கத்துக் குடிசைக்காரரும் அதே கணக்கெடுப்பில் நிற்பவர்தானே!