கணிப்பொறியிற் சிதையும் தமிழ்: குற்றம் யாருடையது?

எழுத்தே மொழிக்கு உடல். ஆசிரியர் தொல்காப்பியனார் தம் நூலின் முதற்பகுதியை எழுத்ததிகாரமாக அமைத்தார். அவ்வெழுத்து கல்லில் நின்றது, செப்பேட்டில் நின்றது, ஓலையிலும் தாளிலும் நின்றது. இன்று கணிப்பொறித் திரையிலும் அது நின்றாக வேண்டும். ஆயினும், ஓரிரவில் வந்திறங்கும் ஓர் இயங்குதளப் புதுப்பிப்புக்கே அது நிலைகுலைகின்றது. மறுநாட் காலை கணிப்பொறியைத் திறப்பவர், தமிழ் இருந்த இடத்தில் வெறுங் கட்டங்களையோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளையோ காண்கின்றார். "தமிழ் என்றாலே இப்படித்தான்" என்று கைவிரிக்கின்றார். இக்கைவிரிப்பே கேட்டின் தொடக்கம்.

அண்ணாமலையின் மேற்கே, மலைவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. முழுநிலா நாளில் ஏறத்தாழ 14 கி.மீ. வலம் வரும் மக்கள் வெள்ளம் இவ்வூரைக் கடந்தே செல்லும். இத்தகைய ஊர்களில் தட்டச்சும் படியெடுப்பும் செய்து தரும் சிறு கடையின் கணிப்பொறியே ஊருக்கு எழுத்தர். திருமண அழைப்பு, நீத்தார் நினைவு அட்டை, நிலவிற்பனை ஆவணத்தின் வரைவு, வட்டாட்சியர்க்கு எழுதும் முறையீடு, பள்ளித் தேர்வின் வினாத்தாள் ஆகிய அனைத்தும் அதன் வன்வட்டிலேயே உறங்குகின்றன. இயங்குதளத்தை மாற்றிய பின் அவற்றுள் ஒன்றைத் திறந்தால் தமிழ் இல்லை. வந்து நிற்கும் உழவர்க்குக் கடைக்காரர் கூறும் விடை யாது? "ஆங்கிலத்தில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஐயா!" என்பதே. ஒரு பழுதைத் திருத்தத் தெரியாமையால் ஒரு மொழி தன் ஊரிலேயே இடம் இழக்கின்றது என்பதைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிதைவின் வேர்

தொடக்கக் காலக் கணிப்பொறியில் தமிழுக்கென்று இடம் இல்லை. எனவே ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்து எழுத்துருக்களைச் செய்தனர். தமிழக அலுவலகங்களிற் பரவிய வானவில் அவ்வையாரும், ஈழத்தமிழரிடையே பரவிய பாமினியும் இவ்வகையின. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணிப்பொறியின் நினைவில் இருப்பவை நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. மேலே போர்த்திய பாமினி உடை கழன்றால், உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும்.

நிறுவனந்தோறும் ஒரு முறை என்றிருந்த குழப்பத்தை நீக்க, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. ஒருங்குறியிலோ 1991-இலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. அதனைக் காட்டும் 'இலதா' எழுத்துரு விண்டோசு 2000-இல் வந்தது. கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 சூன் 23-ஆம் நாளிட்ட அரசாணை, ஒருங்குறியைத் தரமாகவும், அஃது இயலாத இடங்களுக்கு 'டேசு 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை மாற்றாகவும் அறிவித்தது. ஆணை பிறந்த பின்னும் பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் அலுவலகங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. பழக்கம் ஆணையினும் வலிது போலும்!

நோய் நாடல்

மருத்துவர் நாடி பார்ப்பது போல், திரையில் தோன்றும் குறியைக் கொண்டே பழுதின் வகையை அறியலாம்.

கட்டங்கள் தோன்றினால், எழுத்து உள்ளே நலமாகவே இருக்கின்றது. அதைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. பகுதியைத் தேர்ந்து 'நிருமலா' எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். விண்டோசு 8 முதல் இஃது இயங்குதளத்தோடு வருவது. தமிழ் தோன்றிவிட்டால் அக்கோப்பு ஒருங்குறியில் உள்ளது என்க. விண்டோசு 10 முதல் இலதா, விசயா ஆகிய இரண்டும் விருப்பக் கூறுகளாக ஒதுக்கப்பட்டுவிட்டன. தமிழைத் தம் மொழிப் பட்டியலிற் சேர்க்காதவரின் கணிப்பொறியில் அவை தாமாக வாரா. பல மென்பொருள்கள் நிருமலாவை இட்டுச் சரிக்கட்டும். ஆனால் வரிகள் இடம்பெயரும், பக்கங்கள் கூடும். அமைப்புப் பகுதியில் 'ஆப்சனல் பீச்சர்சு' எனத் தலைப்பிட்ட இடத்திற்சென்று, 'தமிழ் சப்ளிமெண்டல் பாண்ட்சு' என்பதைச் சேர்த்தால் அவ்விரண்டும் மீளும்.

ஆங்கில எழுத்துகள் கலவையாகத் தோன்றினால், அது பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அவ்வெழுத்துருவைப் பழைய கணிப்பொறியிலிருந்தோ படியெடுத்து வைத்தவரிடமிருந்தோ பெற்று நிறுவுதல் வேண்டும். நிறுவுங்கால், 'பயனர் அனைவர்க்கும்' என்னும் தெரிவைக் கொள்க. ஒருவர்க்கு மட்டும் நிறுவிய எழுத்துருவைச் சில மென்பொருள்கள் காணமாட்டா. படிக்க முடிந்தவுடன் பணி முடிந்ததாகக் கருதலாகாது. குறியாக்க மாற்றி ஒன்றால் ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்பும் பார்த்தல் வேண்டும். இடையே வரும் ஆங்கிலச் சொற்களை மாற்றி பொருளற்ற தமிழாக்கிவிடும்.

கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு நின்றால், குறை மென்பொருளினுடையது. அச்சகங்களில் நெடுங்காலம் ஆண்ட பேசுமேக்கர் ஒருங்குறித் தமிழை அறியாதது. இலிபர் ஆபிசு போன்ற விலையில்லா மென்பொருள்கள் அதனைச் செவ்வனே கோத்துக் காட்டுகின்றன.

விசையை அழுத்தினால் ஆங்கிலமே வருமாயின், விண்டோசு விசையோடு இடைவெளி விசையை அழுத்தி விசைப்பலகையை மாற்றலாம். பட்டியலில் தமிழ் இல்லையெனில் மொழிப்பகுதியில் அதைச் சேர்த்தல் வேண்டும். தமிழ்99 இன்று விண்டோசின் உள்ளேயே உளது. அச்சுப்பொறி வாளா இருப்பின், அதன் இயக்கி மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுக.

இவற்றால் எதுவும் தீராவிடில், பதிப்பு மாறிய 10 நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வழி விண்டோசில் உண்டு. அந்நாள் கடந்தால் பழைய கோப்புறை துடைக்கப்பட்டு, அவ்வழி அடைபடும். ஆகலின், புதுப்பிக்கும் முன்பே கோப்புகளோடு எழுத்துருக்களையும் தனி வட்டில் படியெடுத்து வைப்பதே அறிவுடைமை. இருந்த இயங்குதளத்தின் மேலேயே புதுப்பித்தால் சேர்த்த எழுத்துருக்கள் பெரும்பாலும் தங்கும்; பழுதுபார்ப்பவர் வன்வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால் அனைத்தும் போகும்.

குற்றம் யாருடையது?

எழுத்துருவைத் 'துணை'யென ஒதுக்கிய நிறுவனத்தின் மேல் சினம் எழுதல் இயல்பே. எனினும் நிருமலாவை அந்நிறுவனம் நீக்கவில்லை என்பதும், பிறமொழி எழுத்துருக்கள் பலவற்றையும் அவ்வாறே ஒதுக்கியது என்பதும் உண்மை. அயல் வணிகர் தம் வணிகத்தைப் பார்ப்பர். தமிழைப் பார்க்க வேண்டியவர் தமிழரே அல்லரோ?

ஒரே நிறுவனத்தின் கையை எதிர்பார்த்திருப்பதன் இடர் உலகறிந்தது. 2024 சூலை 19-ஆம் நாள், கிரௌடுசுடிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுக் கணிப்பொறிகள் செயலிழந்தன. இந்திய வானூர்தி நிலையங்களிற் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்கான பொது ஆதரவும் முடிந்தது. விண்டோசு 11-ஓ பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. எனவே சிற்றூர்க் கடைகளும் பள்ளிகளும் பொறியையே மாற்ற நேர்கின்றது. பொறி மாறும்பொழுதெல்லாம் பழைய எழுத்துருவும், அதனோடு அதில் அடித்த தமிழும் கைவிடப்படுகின்றன.

அண்டை நிலமான கேரளம் 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தின் வழியே, தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற இயங்குதளத்துக்குக் கொண்டுவந்தது. தன் பாடத்துக்கும் மொழிக்கும் ஏற்ப அதனைத் தானே அமைத்துக்கொண்டது. தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோசோடு பாசு இலினக்சு தரப்பட்டது. அது சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவானதே. அதனைத் திறந்து பார்க்கக் கற்பித்த பள்ளிகள் எத்தனை? இலினக்சிலும் புதுப்பிப்பாற் பழுது வரும். ஆனால் பழுதின் காரணத்தை உள்ளே புகுந்து காணவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் அங்கே உரிமை உண்டு.

செயற்பாலது

அண்ணாமலையார் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. பழைய எழுத்தைப் பயின்றவர் அவற்றைப் படிக்கின்றனர். 20 ஆண்டுக்கு முன் அடித்த கோப்போ, எழுத்துரு இல்லையேல், தமிழ்ப் புலவர்க்கும் படிக்கவொண்ணாதது. ஓலைகளைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டு வருந்திய இனம், கோப்புகளையும் அவ்வாறே இழத்தல் தகுமா?

ஆகவே அரசு அலுவலகமும் பள்ளியும் அச்சகமும் தத்தம் பழங்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை இன்றே தொடங்குதல் வேண்டும். பள்ளிகளில் தமிழ்99 தட்டச்சும், மேற்கூறிய பழுதுகளைத் திருத்தும் பயிற்சியும் அளித்தல் வேண்டும். கணிப்பொறி கற்ற இளைஞர், விடுமுறையில் ஒரு நாளேனும் தம் ஊர்க் கடையில் அமர்ந்து இதனைச் செய்து காட்டலாம். அடி அண்ணாமலைக் கடையில் வந்து நிற்கும் உழவர், "தமிழிலேயே அடித்துக் கொடு, தம்பி" என்று கேட்கும்பொழுது, மறுப்பின்றி அது நடைபெறல் வேண்டும். தமிழ் வாழ்க என்று முழங்குவோர் முதலிற் செய்யத்தக்க பணி அதுவே.